கிளீட்டஸ் கட்சிக்காரி

டீச்சருன்னா சொன்னீங்க? பெரியவிளைத்துறை ஸ்கூலுக்கேவா? அட, அது எங்க ஊரு. பஸ்ஸு எடுக்கப் போறான், ஜன்னலோரமா நகந்து இருங்க, இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். உள்ள மீனு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. மார்த்தாண்டம் சந்தையில வாங்கின மரச்சீனிக் கெழங்கு.

ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. நீங்க ஊருல எறங்கினதும் பேரு கேப்பாவ, கல்யாணம் ஆச்சான்னு கேப்பாவ. அது முடிஞ்சதும் ஒரு கேள்வி வரும். "டீச்சர், நீங்க கிளீட்டஸ் கட்சியா, ரெஜின் கட்சியா?" எலெக்‌ஷன் கட்சின்னு நினைச்சிராதீங்க. இது கால்பந்து கட்சி. ஊரு கிளப்புக்கு யாரு கோச்சா இருக்கணும்னு, ஓட்டுப் போட்டுத் தீத்த பிறகும் ரெண்டாத்தான் பிரிஞ்சு கெடக்கு ஊரு. டீக்கடை ரெண்டு. ஒரு கடையில கிளீட்டஸ் ஆளுவ, ஒரு கடையில ரெஜின் ஆளுவ. ஒரே வள்ளத்துல கடலுக்குப் போறவன் கரைக்கு வந்தா வேற வேற கடையில டீ குடிக்கான். போன மாசம் ஒரு கல்யாண வீட்டுல, மாப்பிள்ளை ரெஜின் கட்சின்னு தெரிஞ்சு பொண்ணோட மாமன் பிரியாணியில கை வைக்காம எழும்பிட்டாரு.

கிளீட்டஸ் யாருன்னா கேக்கீங்க? எனக்கு வீட்டுக்காரரு.

கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர்டு ஆனவரு. கம்பத்துல ஏறுறதுக்கு முன்னால ஃபியூஸைப் பிடுங்கித் தன் பையில போட்டுட்டுத்தான் ஏறுவாரு. அடுத்தவன் பிடுங்கிட்டேன்னு சொன்னா நம்பமாட்டாரு. அவருகூட வேலை பாத்ததுல ஒருத்தருக்குக் கை போச்சு, ஒருத்தரு ஆளே போயிட்டாரு. இவரு முழுசா வந்து வீட்டுல இருக்காரு. அப்படிப்பட்ட மனுசன் கோச்சானா டீம் எப்படி ஆடும்? முதல்ல ஃபியூஸைப் பிடுங்கும். அப்படித்தான் ஆடிச்சு.

நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. இவரு கோச் ஆகுறதுக்கு முந்தின வருஷம் பக்கத்து ஊரு மேலத்துறைக்காரன் எங்க கிளப்புக்கு ஒன்பது கோல் போட்டான். ஒன்பது! நாங்க போட்டது ஒண்ணுமில்ல. மறுநாள் நாங்க பொம்பளைங்க மீன் சந்தைக்குப் போனா, அந்த ஊருக்காரிக கூடையைக் காட்டி, "என்னக்கா, ஒன்பது ரூவாய்க்குத் தருவியா?"ன்னு கேக்குறாளுவ. அப்போ நடந்த கல்லெறியில எங்க பயலுவ ரெண்டு பேருக்கு மண்டை பொளந்துது. ஒரு கோல்கீப்பர் பய இருந்தான், வெளியில தலை காட்ட வெக்கப்பட்டு கொச்சிக்கு வேலைக்குப் போனவன் இன்னும் ஊருப் பக்கம் வரல்ல.

அந்த டீமைத்தான் இவரு கையில எடுத்தாரு. சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கிடையாது. டூட்டி முடிஞ்சு வந்து, ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டு, விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு கிளம்பிருவாரு. அடுத்த வருஷம் அதே மேலத்துறைக்காரன் முட்டினான், மோதினான், ஒண்ணும் நடக்கல. சைபருக்கு சைபர். அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷம் எங்க கிளப்பு ஈஸ்டர் டோர்ணமெண்டுல செமி போகாம இருந்ததில்ல. ரெண்டு தடவை ஃபைனல். அந்த சர்ட்டிஃபிகேட்டைக் காட்டி எத்தனை பயலுவ போலீசுல சேந்தான், ரயில்வேல சேந்தான் தெரியுமா? இண்ணைக்கு ரெஜினுக்கு ஜே போடுறவன் வீட்டுல அடுப்பெரியறது யாராலே?

கப்பு வாங்கல்ல. சரி. அதைத்தான் எல்லாரும் சொல்லுதாவ. கப்பு வாங்கல்ல, கப்பு வாங்கல்ல. கப்பைக் கழுவி அதுல கஞ்சியா குடிக்கப் போறாவ?

எங்க வீடு கிரவுண்டுக்குப் பின்னால ரெண்டு தென்னந்தோப்பு தள்ளி. நான் கிரவுண்டுக்குப் போறதில்ல. எப்பவாவது ஃபைனலுன்னா போவேன், கோச் பெண்டாட்டின்னு ஒரு நாற்காலி போடுவாவ. மத்தபடி அடுக்களையில இருந்தே எனக்கு எல்லாம் தெரியும். இவரு டீம் ஆடுற அண்ணைக்குச் சத்தமே இருக்காது. ஆட்டம் முடிஞ்சதும் ஊரு மொத்தமும் ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, அது எங்க அடுக்களை வரைக்கும் கேக்கும். சரி, தோக்கல்லன்னு நான் சோத்தை வடிக்கப் போயிருவேன். நிம்மதியான ஆட்டம். ஒரு மனுசனுக்கு அதைவிட வேற என்ன வேணும்?

இப்போ இந்த ரெஜினுக்கு வாறேன். அவன் யாரோ எவனோ இல்ல. எங்கக்கா பிலோமி மவன். என் இடுப்புல இருந்து எறங்காம வளந்த பய. சின்னதுல இருந்தே பந்துன்னா பித்து. காலுல பந்து கிடைச்சா எதிர்த்த கோலைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது அவனுக்கு. எங்க வீட்டுக்காரரு என்ன செய்தாரு? அவனைப் பிடிச்சு லெஃப்ட் பேக்கா நிறுத்தினாரு. "நீ வேகமா ஓடுத. ஓடுறவன் பின்னால இருந்தாத்தான் வீட்டுக்குக் காவல்"னாரு. ஆறு வருஷம் அந்தப் பய நடுக்கோட்டைத் தாண்டினதில்ல. இவரு சொல்லுக்கு அவன் மறுசொல் சொன்னதுமில்ல. வீட்டுல சித்தப்பான்னு கூப்பிடுவான், கிரவுண்டுல சாருன்னு கூப்பிடுவான். அப்புறம் கோவாவுக்குப் போனான், ஏதோ கிளப்புல ஆடினான், கால் முட்டு போச்சு, அங்கேயே கோச்சுக்குப் படிச்சிட்டு வந்தான்.

வந்த நேரம் பாருங்க, அந்த ஈஸ்டருக்கு எங்க டீம் செமியில பெனால்டியில தோத்துது. ஆட்டத்துல ஒரு கோலும் இல்ல, அவங்களும் போடல்ல, நாங்களும் போடல்ல. பெனால்டியில யாரு ஜெயிப்பான்னு மாதாவுக்குத்தான் தெரியும். அதுக்குக் கோச் என்ன செய்வாரு? ஆனா ஊரு கொதிச்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பாரிஷ் ஹால்ல கூட்டம் போட்டாவ. ரெஜின் எழும்பி நின்னான். குனிஞ்சுகிட்டுத்தான் பேசினான், அதையும் சொல்லணும்.

"சித்தப்பாவை நான் குறை சொல்லல்ல. தோக்காம இருக்க அவரு நமக்குச் சொல்லிக் குடுத்தாரு. ஜெயிக்க யாரு சொல்லிக் குடுப்பா? எனக்கு ஒரு வருஷம் தாங்க. நாலு வாங்கினாலும் அஞ்சு போடுவோம்."

ஹாலே கைதட்டிச்சு. பங்குச் சாமியாரு, "ரெஜின் வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க"ன்னாரு. எங்கக்கா தூக்கினா டீச்சர். என் பக்கத்துல உக்காந்துகிட்டு, எனக்குத் தட்டைப்பயிறு சுண்டல் வாங்கி என் மடியில வச்சிட்டு, வளையல் கிலுங்கக் கையைத் தூக்கினா. "மவனுக்குத் தாய் தூக்காம யாருடீ தூக்குவா?"ன்னு கேட்டா. அந்தச் சுண்டலை அப்படியே அவ மடியில திருப்பி வச்சிட்டு வந்தவதான். பேச்சு இல்ல.

மறுநாள் காலையில எங்க வீட்டுக்காரரு பந்துப் பையை எடுத்தாரு. பந்து ஒவ்வொண்ணையும் ஈரத்துணியால துடைச்சாரு. விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வச்சாரு. கொண்டுபோய் ரெஜின்கிட்ட குடுத்திட்டு வந்து, "கீரை இருக்கா?"ன்னு கேட்டாரு. எனக்கு வந்த ஆத்திரம்! ஊரைத் திட்டணும், அவனைத் திட்டணும், குறைஞ்சது ஒரு டம்ளரையாவது தூக்கி எறியணும். கீரையாம்!

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது சத்தம். முத ஆட்டம், அடுக்களையில தேங்கா துருவுதேன், ஒரு ஊஊன்னு சத்தம். கோல். அடுத்து ஒரு அய்யோன்னு சத்தம். வாங்கிட்டானுவ. மறுபடி ஊஊ. மறுபடி அய்யோ. தேங்கா துருவி முடிக்கல்ல, அஞ்சுக்கு மூணு. அடுத்த ஆட்டத்துல ஒண்ணுக்கு ஆறுன்னு தோத்தானுவ. ஆறு! நான் வாசல்ல நின்னு போறவ வாறவகிட்ட எல்லாம் கேட்டேன், "என்னமோ அஞ்சு போடுவோம்னாவளே, எண்ணத் தெரியல்லையோ?" அதுக்கடுத்து நாலுக்கு நாலு. இது என்ன பந்து விளையாட்டா, இல்ல பயத்தங்காய் ஏலமா? சோறு வடிக்க முடியல்ல, உப்பு எத்தனை தடவை போட்டேன்னு மறந்து போவுது. சத்தம் கேட்டா அடுப்பை அணைச்சிட்டு வெளிய வந்து நிக்க வேண்டியிருக்கு, யாருகிட்டயாவது ஸ்கோர் கேக்க வேண்டியிருக்கு. வீட்டு வேலை கெட்டுது.

இவரு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனாரு. போய் எங்க நிப்பாரு? தூரத்துக் கோலுக்குப் பின்னால, ஒத்தத் தென்னை நிக்குமே, அதுல சாஞ்சுகிட்டு. யாருகிட்டயும் பேச்சில்ல. வீட்டுக்கு வந்தா நான் விடுவேனா?

"எப்படி ஆடினானுவ?"

"ஆடினானுவ."

"பேக் எல்லாம் முன்னால ஓடுதானுவளாமே?"

"ஓடுதானுவ."

"அப்போ வாங்கிக் கட்டிக்கிட மாட்டானுவளா?"

"வாங்கினானுவ."

இவ்வளவுதான். நான் ஒரு கட்சி கட்டி வச்சிருக்கேன் டீச்சர், இவருக்காக. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலயும் ஏறி எறங்கி, கிளீட்டஸ் காலத்துல இப்படி நடந்துதா, அப்படி நடந்துதான்னு பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போச்சு எனக்கு. கட்சித் தலைவரு என்னன்னா, "வாங்கினானுவ"ங்காரு!

என்ன எழவோ, வாங்கிகிட்டும் போட்டுகிட்டும் இந்த வருஷம் ஈஸ்டருக்கு ஃபைனலுக்கு வந்துட்டானுவ. எதிர்த்து யாரு? மேலத்துறை. அவன் கிரவுண்டுலயே ஆட்டம்.

ஃபைனலுக்கு முந்தின நாளு சாயங்காலம் ரெஜின் வீட்டு வாசல்ல வந்து நின்னான். தாடி வளந்து, கண்ணு உள்ள போயி, ஆளு பாதி ஆயிட்டான். பெத்தவ சோறு போடுதாளா இல்லையான்னு இருந்துது. "சித்தி, சித்தப்பா இருக்காரா? ஒரு காரியம் கேக்கணும்"னான்.

நான் வாசல் நிலையில கையை வச்சுகிட்டு, "இல்ல"ன்னேன்.

இவரு குளிச்சிட்டு இருந்தாரு. எங்க குளிமுறி கொல்லைப் பக்கம், வீட்டோட சேந்தது இல்ல. அப்போ வீட்டுல இல்லன்னு சொன்னதுல என்ன பொய்யி? அவன் கொஞ்ச நேரம் நின்னான். கொல்லையில தண்ணி மோந்து ஊத்துற சத்தம் கேட்டுது. கேட்டுதுன்னு எனக்குத் தெரியும், அவனுக்குக் கேட்டுதான்னு தெரியாது. "வந்தா சொல்லுங்க சித்தி"ன்னு போயிட்டான். இவரு தலையைத் துவட்டிகிட்டு வந்து, "யாரோ வந்த மாதிரி இருந்துதே?"ன்னு கேட்டாரு. "கோழி"ன்னேன்.

பன்னெண்டு வருஷம் பாடுபட்டவரை வேண்டாம்னு ஒதுக்குவாங்களாம், தண்ணி தலைக்கு மேல போனதும் வந்து கேப்பாங்களாம். நல்லாருக்கே!

ஃபைனலுக்கு நான் போறதா இல்ல. மேலத்துறையில என் நாத்தனா இருக்கா, அவளைப் பாத்து நாளாச்சுன்னு போனேன். அவ ஆட்டம் பாக்கக் கிளம்பிட்டா. வீட்டுல நான் தனியா என்ன செய்ய? போனேன். மேலத்துறைப் பொம்பளைங்க நடுவுல போய் உக்காந்தேன். எங்க ஊருக்காரங்க எதிர்ப்பக்கம். அக்கா அங்க முன் வரிசையில ஜெபமாலை உருட்டிகிட்டு இருக்கா. இவரு இங்கயும் கோலுக்குப் பின்னால. தென்னை இல்ல, ஒரு கரண்டு கம்பம் இருந்துது, அதுல சாஞ்சுகிட்டாரு.

நான் சொன்னதுதான் நடந்துது. ஹாஃப் டைமுக்குள்ள மூணு. மூணும் ஒரே மாதிரி. எங்க பேக் ரெண்டு பேரும் முன்னால ஏறிப் போயிருவான், பந்து அவன் தலைக்கு மேல வரும், பின்னால யாருமே இல்ல, கீப்பர் டோனி பாவம் ஒத்தையில நின்னு கையை விரிப்பான். ரைட்டு பேக்கை மட்டுமாவது பின்னால நிறுத்தியிருந்தா ரெண்டு கோல் தப்பியிருக்கும். எனக்குச் சந்தோசம். சந்தோசம்னா சந்தோசந்தான். முந்தானையால மட்டும் மூஞ்சைப் பாதி மூடிக்கிட்டேன். வெயிலு.

அப்போதான் எனக்குப் பின்னால ஒருத்தி ஆரம்பிச்சா. "ஒன்பது! ஒன்பது!" பக்கத்துல இருந்தவளும் சேந்தா. என் நாத்தனாவும் சேந்தா டீச்சர், பெரியவிளைத்துறையில பொறந்தவ! கிரவுண்டு முழுக்க, "ஒன்பது! ஒன்பது!" எனக்கு அந்த மீன் கூடை ஞாபகம் வந்துது. காது ரெண்டும் சுட்டுது.

ஹாஃப் டைமுல பயலுவ தண்ணி குடிக்கானுவ. ரெஜின் தண்ணி குடிக்கல்ல. கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் கம்பத்துல சாஞ்சு நிக்கிற எங்க வீட்டுக்காரரைப் பாத்துகிட்டே நிக்கான். இவரும் பாக்காரு. இவரு ரெண்டு அடி முன்னால வச்சாரு. வச்சிட்டு நின்னுட்டாரு. அவன் இவரு வரமாட்டாருன்னு நின்னான், இவரு அவன் கூப்பிடல்லன்னு நின்னாரு. நடுவுல வெறும் மணலு. ஆம்பளைங்களுக்கு என்ன ஒரு வீம்பு பாத்தீங்களா! ரெண்டு பேருல ஒருத்தனுக்காவது வாய் வேண்டாம்?

ரெண்டாவது பாதியில அந்தப் பய என்ன செய்தான்? மூணு வாங்கினவன் பின்னால போவானா, மாட்டானா? எங்க வீட்டுக்காரரா இருந்தா இனி வாங்காமப் பாப்போம்னு எல்லாரையும் பின்னால இழுத்திருப்பாரு. இவன் பேக் ரெண்டு பேரையும் திரும்பியே வராம முன்னாலயே நிறுத்தினான். பைத்தியக்காரன். ஆனா மேலத்துறைக்காரனுக்கு எவனைப் பிடிக்கிறதுன்னு தெரியல்ல. ஒரு கார்னர், தலையில மோதி ஒரு கோல். "ஒன்பது"ன்னு கத்தினவளுக சத்தம் குறைஞ்சுது. அடுத்து ஒரு ஃப்ரீ கிக், ரெண்டாவது கோல். சத்தமே இல்ல. அப்புறம் அபிஷ்னு ஒரு ஒல்லிப் பய, ரைட்டு ஓரமா பந்தை எடுத்துகிட்டு வாறான். ஒருத்தனைத் தாண்டினான். இன்னொருத்தன் வாறான், அவன் காலுக்கு நடுவுல தட்டி விட்டான். கீப்பர் வெளிய வந்தான். அபிஷ் அடிக்கல்ல டீச்சர்! அடிக்கிற மாதிரி காலைத் தூக்கிட்டு அடிக்கல்ல. கீப்பர் விழுந்தான். பக்கத்துல வந்தவனுக்கு மெல்ல, பிள்ளைக்குப் பால் குடுக்கிற மாதிரி, உருட்டி விட்டான். வலை.

எனக்கு அதுக்கப்புறம் நடந்தது சரியா ஞாபகம் இல்ல. நான் அந்தப் பக்கம் எப்படிப் போனேன்னு தெரியல்ல. கயிறு கட்டியிருந்தாவ, அதை எப்படித் தாண்டினேன்? என் ஒரு செருப்பு மேலத்துறைக்காரி மடியில கெடந்ததா நாத்தனா பொறவு சொன்னா. நினைவு வரும்போது நான் அக்காவைக் கட்டிப் பிடிச்சிருக்கேன், அவ என்னைக் கட்டிப் பிடிச்சிருக்கா, ரெண்டு பேரும் குதிக்கோம். "நம்ம பய டீ, நம்ம பய"ங்கா. "ஆமாக்கா, ஆமாக்கா"ங்கேன். ஒரு வருஷம் பேசாதவகிட்ட. கட்டிப் பிடிச்சது வேற, பேச்சு வேற. அதுக்குப் பிறகு நான் அவகிட்ட பேசல்ல.

மூணுக்கு மூணு. அதோட நிறுத்தியிருக்கலாம். ரெண்டே நிமிசம் பந்தைச் சும்மா உருட்டியிருந்தா எக்ஸ்ட்ரா டைம் வந்திருக்கும். எங்களுக்கு ஒரு கார்னர் கிடைச்சுது. எல்லாரும் ஏறிட்டானுவ. எல்லாரும்னா, கீப்பர் டோனியும்! பந்தை மேலத்துறைக்காரன் வெளிய அடிச்சான், நடுவுல ஒருத்தன் எடுத்தான், ஓடினான். எதிர்ல ஆளே இல்ல. வெறும் வலை. எங்க வீட்டுக்காரரு அந்த வலைக்குப் பின்னால நிக்காரு. பந்து அவருக்கு நேரா உருண்டு வருது. மனுசன் கையை நீட்டிட்டாரு, வலைக்கு அந்தப் பக்கம் இருந்து. நான் பாத்தேன்.

நாலுக்கு மூணு. தோத்தோம்.

இப்போ கேளுங்க, எனக்கு வயிறெரிஞ்ச இடம். தோத்தவனைத் தோளுல தூக்கிட்டு வந்தானுவ டீச்சர்! மேலத்துறையில இருந்து கடற்கரை வழியா, செண்டை அடிச்சு, ரெஜினைத் தூக்கிட்டு வந்தானுவ. எங்க வீட்டுக்காரரு பன்னெண்டு வருஷம் செமி கொண்டுபோனாரு. ஒரு நாளாவது ஒருத்தனாவது தூக்கினானா? சைக்கிள்ல போவாரு, சைக்கிள்ல வருவாரு. கப்பு இல்லன்னுதானே அவரை எறக்கினீங்க? இவன் எந்தக் கப்பைக் கொண்டு வந்தான்? கேட்டேன், வாய் விட்டுக் கேட்டேன். "அக்கா, ஆட்டத்தைப் பாத்தீங்கல்லா?"ங்கான் ஒருத்தன். பாத்தேன். அதுக்கு?

வேன்ல திரும்பி வரும்போது இவரு என் பக்கத்துல இருந்தாரு. பாலம் தாண்டினோம். பொறவு மெல்லச் சொன்னாரு. "ஜெசிந்தா, என் டீம் ஆடும்போது நீ ஒரு நாளும் எழும்பினதில்ல."

"முன்னால இருந்தவ எழும்பி மறைச்சா. அதான் எழும்பினேன்"னேன்.

"சரி"ன்னாரு.

அந்தச் சரி இருக்கே, அதை நான் எத்தனை நாளு மென்னு முழுங்கினேன் தெரியுமா?

ஊருல சண்டை முன்னைவிட மூத்துது. எங்க கட்சி, "ஒரே ஒரு பேக் பின்னால நின்னிருந்தா கப்பு வந்திருக்கும்"னுது. அவன் கட்சி, "அந்தப் பேக் பின்னால நின்னிருந்தா மூணு கோலே வந்திருக்காது"ன்னுது. ரெண்டும் உள்ளதுதான் டீச்சர், அதனாலதான் தீரல்ல. வலையை இழுக்கும்போது இதைப் பேசி, இழுக்கிறதை விட்டுட்டு அடிச்சுக்கிட்டாவ. பங்குச் சாமியாரு பாத்தாரு, போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மறுபடி கூட்டம். "கோச் யாருன்னு இண்ணைக்கே தீத்துட்டு எறங்குங்க"ன்னுட்டாரு.

நான் விடிஞ்சதுல இருந்து வீடு வீடாப் போய் ஆளு சேத்திருந்தேன். கல்யாணத்துக்குக்கூட அப்படிச் சேந்திருக்காது. இவரு முன்னால உக்காந்திருக்காரு, வெள்ளைச் சட்டை, நானே தேச்சுப் போட்டுவிட்டது.

ரெஜின் எழும்பினான். "நான் தோத்தேன். அது என் தப்புதான். கார்னருக்கு எல்லாரும் ஏறும்போது பின்னால யாரை நிறுத்தணும்னு எனக்குக் குழப்பமா இருந்துது. அதைக் கேக்கத்தான் ஃபைனலுக்கு முந்தின நாளு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவரு வீட்டுல இல்ல"ன்னான். வேற ஒண்ணும் சொல்லல்ல. என்னை ஒரு பார்வை பாத்தானா? பாக்கல்ல. பாத்திருந்தாலும் தேவலை.

ஹாலு முழுக்க எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்துது. இவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. கல்யாணம் முடிஞ்ச நாளுல இருந்து அந்த மனுசன் என்னை அப்படிப் பாத்ததில்ல. கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா பாத்தாரு. "கோழி"ன்னு நான் சொன்னது அவரு மனசுல வந்திருக்கும். பொறவு எழும்பி, "ஆமா. நான் அண்ணைக்கு வெளிய போயிருந்தேன்"னாரு.

அவரு எதுக்கு அப்படிச் சொல்லணும்? நான் கேட்டேனா?

சாமியாரு, "சரி, கிளீட்டஸ் வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க"ன்னாரு. நான்தான் முதல்ல தூக்கினேன். திரும்பிப் பாத்தா பாதி ஹாலு தூக்கியிருக்கு. பாதிக்கு மேலன்னுகூடச் சொல்லலாம். சாமியாரு எண்ண ஆரம்பிச்சாரு. அப்போ எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, "எண்ண வேண்டாம் ஃபாதர். நான் ரெஜினுக்குத்தான்." சொல்லிட்டு, கையைத் தூக்கினாரு.

ஒவ்வொரு கையா எறங்குது டீச்சர். நான் வீடு வீடாப் போய்ச் சேத்த கை. அவருக்கே வேண்டாம்னா நமக்கென்னன்னு எறக்குறானுவ. சிலவனுக்குச் சிரிப்பு. நான் எறக்கல்ல.

"எறக்கு ஜெசிந்தா"ன்னாரு.

"எறக்க மாட்டேன்."

"ஊரு பாக்குது."

"பாக்கட்டும்."

சாமியாரு என்னைப் பாத்தாரு, அவரைப் பாத்தாரு. "கிளீட்டஸ், ஒரு ஓட்டு"ன்னாரு. அந்தப் பக்கம் என் அக்கா மூக்கைச் சிந்துதா. அவ எதுக்கு அழுதா? ஜெயிச்சது அவ மவன்!

வெளிய வந்தோம். உச்சி வெயில். நான் குடையைப் பிடிச்சுகிட்டு முன்னால நடக்கேன், இவரு பின்னால வாறாரு. இண்ணைக்கு ஒரு வார்த்தை திட்டட்டும்னு காத்திருக்கேன். ஒரு வார்த்தை திட்டினா நான் ரெண்டு வார்த்தை திட்டலாமே. திட்டமாட்டேங்காரு. தாங்க முடியாம நானே திரும்பினேன்.

"உங்களுக்கு ஒரு மானம் ரோசம் வேண்டாமா? உங்களுக்காக நான் ஊரோட சண்டை போட்டேன், கூடப் பொறந்தவகூடப் பேசாம இருக்கேன். நீங்க எதுக்கு அவனுக்குக் கை தூக்கினீங்க?"

இவரு ரோட்டு நடுவுல நின்னுட்டாரு. "அந்த மூணாவது கோல் இருக்கே"ன்னாரு.

"இருந்தா?"

"அந்தப் பய அடிக்காம விட்டான் பாத்தியா? நான் ஒரு பயலுக்கும் அதைச் சொல்லிக் குடுத்ததில்ல ஜெசிந்தா. அடிக்காதன்னு சொல்லியிருக்கேன். அடிக்கிற மாதிரிப் போய் அடிக்காம இருன்னு சொன்னதில்ல." சொல்லிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. ரோட்டுல கெடந்த ஒரு குரும்பைத் தேங்காயைக் காலால இழுத்தாரு. அறுபது வயசு மனுசன்! "இப்படி வந்தான் பாரு, இந்தப் பக்கம் சாஞ்சான், கீப்பர் இப்படி விழுந்தான்"னு அந்தக் குரும்பையை வச்சு ஆடிக் காட்டுதாரு. பின்னால பைக்காரன் ஹார்ன் அடிக்கான், இவருக்குக் கேக்கல்ல. மூஞ்சைப் பாக்கணுமே! எங்க மூத்த பிள்ளையை ஆஸ்பத்திரியில கையில வாங்கினப்போதான் நான் அந்த மூஞ்சைப் பாத்திருக்கேன். "எனக்கும் எழும்பணும் போலத்தான் இருந்துது. நான் ஏற்கெனவே நின்னுகிட்டுல்லா இருந்தேன்"னாரு.

நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் பன்னெண்டு வருஷம் சத்தமில்லாம சோறு வடிச்சது எதுக்கு? ஊரு முன்னால ஒத்தைக் கையைத் தூக்கிகிட்டு நின்னது யாருக்கு? இந்த மனுசனுக்கே அவரு ஆட்டம் பிடிக்கல்லைன்னா, நான் யாரு கட்சி?

குடையை மடக்கினேன். "அது ஆஃப்சைடு"ன்னேன்.

"என்னது?"

"ஆஃப்சைடு. கோலே செல்லாது. அபிஷ் பந்தை விடும்போது அதை வாங்கின பய பந்துக்கு முன்னால நின்னான்."

"பின்னால நின்னான்."

"முன்னால நின்னான். நீங்க கம்பத்துல சாஞ்சுகிட்டுப் பாத்தீங்க, உங்களுக்குத் தெரியாது. நான் பக்கவாட்டுல இருந்து பாத்தேன்."

மனுசன் குரும்பையைக் கையில எடுத்துகிட்டாரு. ரோட்டுல கோடு கிழிச்சாரு, கல்லு வச்சாரு. "இது கீப்பர், இது பேக், இது அபிஷ்"ங்காரு. நான் கல்லை நகத்தி வச்சேன். அவரு திரும்ப நகத்தினாரு. சாப்பாடு ஆறிப்போச்சு. அண்ணைக்குத் தீரல்ல, மறுநாளும் தீரல்ல, இண்ணைக்குக் காலையில நான் சந்தைக்குப் பையை எடுக்கும்போதும், "லைன் ரெஃப்ரி கொடி தூக்கல்லையே, அப்போ?"ங்காரு. எங்க கல்யாணத்துக்குப் பிறகு நாங்க ரெண்டு பேரும் ஒரு காரியத்தைப் பத்தி இவ்வளவு நேரம் பேசினதே இல்ல. தலைவலி.

ஆஃப்சைடுதான் டீச்சர். எழும்பி நின்னுதானே பாத்தேன், எனக்குத் தெரியாதா?